மௌனத்தை முடித்துவைக்கும் கை

இதில் நான் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப் போகிறேன். 'சத்தியமாக' என்று மட்டும் சொல்லமாட்டேன். நண்பர் சபை என்ற எங்கள் சின்னக் கிறிஸ்தவச் சபையில் நாங்கள் சத்தியம் செய்வதில்லை. ஒருநாள் ஏதோ ஒரு சின்ன விடயத்துக்கு நான் "மாதாவாணை, அக்கா" என்று சொல்லிவிட்டேன். மெர்சி அக்கா ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினார். "ஆணையிட்டாத்தான் உண்மை எண்டா, ஆணையிடாம நீ இவ்வளவு காலமும் சொன்னதெல்லாம் என்ன பிள்ளை?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே ஓட்டோவை மறுபடி கிளப்பினார்.

யாராவது இறந்துபோனால் அவரைப் பற்றி ஒரு சாட்சியம் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். அதில் புகழ்ச்சி இருக்கக்கூடாது. அவர் எப்படி வாழ்ந்தார், அவரிடத்தில் கடவுளின் வெளிச்சம் எங்கே தெரிந்தது, எங்கே மங்கியது என்று எழுதவேண்டும். முந்தலில் எங்கள் சபையில் இருப்பவர்கள் ஒரு வட்டமாகக் கதிரை போட்டால் அடங்கிவிடக்கூடிய சிலர்தான். அவர்களில் செலின் மாமி என்னைப் பார்த்து, "எந்த நேரமும் புத்தகமும் கையுமா இருக்கிறனி நீதானே, நீயே எழுது" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். ஆகவே முந்தல் ஓட்டோத் தரிப்பிடத்தில் இருப்பவர்களுக்கும், பக்கத்து ஊரான கனமூலையில் இருப்பவர்களுக்கும், கற்பிட்டியில் மெர்சி அக்காவின் அம்மா வீட்டில் இருப்பவர்களுக்கும் அவரைப் பற்றி இதை எழுதுகிறேன்.

செய்தி வந்த காலையில் மழை பெய்துகொண்டிருந்தது. அம்மா குழாயடியில் மீன் செதில் செதுக்கிக்கொண்டிருந்தார். அன்ரன் மாமா குடையில்லாமல் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். அவர் செலின் மாமியின் கணவர். எங்கள் சபைக்காரர். இறால் பண்ணையில் காவல் வேலை பார்ப்பவர்.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணன், நனையிறீங்க" என்றார் அம்மா.

அவர் உள்ளே வரவில்லை. சைக்கிளின் கைபிடியை விடாமல், "மெர்சி போயிற்றா" என்றார்.

"எங்க போயிற்றா?" என்று நான் கேட்டேன். மெர்சி அக்கா டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியதும் தெரியும். இருந்தும் அப்படித்தான் கேட்டேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையாலேயே சிலுவை அடையாளம் போட்டார். ஒரு மீன் செதில் அவருடைய நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அன்று பகல் முழுவதும் அது அங்கேயே இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

மெர்சி அக்கா சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து பனடோலைப் போட்டுக்கொண்டு ஓட்டோ ஓடித் திரிந்தார். "படுத்தா வருத்தம் கூடும், ஓடினா அதுக்கு என்னைப் பிடிக்கேலாது" என்று செலின் மாமியிடம் சொன்னாராம். அவரிடம் இருந்த பெரிய குறைகளில் ஒன்று இதுதான். யார் சொன்னாலும் கேட்கமாட்டார். மற்றவர்களுக்கு மணிக்கணக்காகக் காதுகொடுப்பார். தன் உடம்பு சொல்வதை மட்டும் கேட்கவில்லை.

அவரை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அதனால் சொல்கிறேன். மெர்சி அக்கா முந்தலில் ஓட்டோ ஓட்டிய ஒரே பெண். கற்பிட்டிக் கரையில் மீன்பிடிக் குடும்பம் ஒன்றில், கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர். சுனாமிக் கடல்கோளுக்குப் பிறகு மட்டக்களப்பில் வெளிநாட்டவர் சிலர் நடத்திய ஒரு சமாதான வேலைக்குச் சமையலுக்குப் போனார். அவர்கள் குவேக்கர்கள். நண்பர் சபையைச் சேர்ந்தவர்கள். தினமும் காலையில் அவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பார்களாம். "நான் நினைச்சன் இதுகள் சண்டை பிடிச்சுப்போட்டுக் கோவத்தில இருக்குதுகள் எண்டு" என்று மெர்சி அக்கா சொல்வார். சில நாள் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்துவைத்துத் தானும் போய் உட்கார்ந்தார். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது அந்த மௌனத்தையும் கூடவே கொண்டுவந்தார்.

டயர்க் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார். முன் அறையில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மௌனத்தில் உட்காருவோம். பின் அறையில் ஒரு நீள மேசையும் ஒரு அலுமாரி நிறையப் புத்தகமும் இருக்கும். அது படிக்கிற அறை. சனிக்கிழமைகளில் யாரும் வரலாம். ஊரில் எங்களுக்குப் 'பேசாச் சபை' என்று பெயர். சிலுவை இல்லை, சுவாமியார் இல்லை, பாட்டு இல்லை. யாருக்காவது உள்ளுக்குள் இருந்து ஏதாவது சொல்லவேண்டும் என்று வந்தால் எழுந்து சொல்லலாம். சொன்னதற்கு யாரும் பதில் சொல்லக்கூடாது. அந்த வார்த்தை மௌனத்துக்குள் இறங்க விடவேண்டும்.

ஓட்டோத் தரிப்பிடத்தில் சுனில் அண்ணன் இதைச் சொல்லியே அவரைச் சீண்டுவார். அவர் சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பவர்.

"மெர்சி அக்கே, உங்கட கோயில்ல பூசையும் இல்லையாம், கதையும் இல்லையாம். பிறகு என்னத்துக்குத்தான் போறீங்க?"

"உன்ர சத்தம் கேக்காம ஒரு மணித்தியாலம் இருக்கத்தான்டா."

தரிப்பிடமே சிரிக்கும். உண்மையில் முந்தல் சந்தியில் அவரைவிட அதிகமாகக் கதைத்தவர் யாரும் இல்லை. ஒருநாள் நானே கேட்டேன், "இவ்வளவு கதைக்கிற உங்களுக்கு எப்பிடி அக்கா மௌனம் பிடிச்சுது?" "வருத்தக்காரிக்குத்தானே மருந்து" என்றார்.

நான் முதலில் போனது கடவுளைத் தேடி இல்லை, புத்தகத்தைத் தேடித்தான். அந்த அலுமாரியில் இருந்ததையெல்லாம் வாசித்து முடித்த பிறகுதான் முன் அறையில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆவல் வந்தது. அம்மா, "காலமை பூசைக்கு வந்திட்டு எங்கயெண்டாலும் போ" என்றார். அப்படியே போனேன். முதல் நாள் டயர்க் கடைச் சுத்தியல் சத்தமும், புத்தளம் வீதியில் போகும் லொறிகளின் ஹோர்னும், என் வயிற்றின் சத்தமும்தான் கேட்டன. கடவுள் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் முடிந்ததும் பக்கத்தில் இருந்த மெர்சி அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். புறப்படச் சொல்கிறார் என்று நினைத்தேன். "சரி அக்கா, போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வீதிவரைக்கும் போய்விட்டேன். அவர் செருப்பில்லாமல் ஓடிவந்து என்னைப் பிடித்தார்.

"எங்க போறாய்? தேத்தண்ணி இருக்கு, பணிஸ் இருக்கு!"

அப்போதுதான் தெரிந்தது. கைகொடுப்பது விடைகொடுப்பது அல்ல. எங்கள் மௌனத்துக்கு மணி கிடையாது. ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுப்பார். அவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். அது வட்டம் சுற்றி வந்தால் மௌனம் முடிந்தது என்று அர்த்தம். அந்த முதல் கை எப்போதும் மெர்சி அக்காவுடையதாகவே இருந்தது. ஓட்டோவின் கைபிடியைப் பிடித்துக் காய்த்துப்போன, தேங்காய்ச் சிரட்டை போன்ற கை.

சனூஃபா வந்த பிறகு அந்த வழக்கத்தில் ஒரு மாற்றம் வந்தது. சனூஃபாவும் என்னைப் போல ஒரு பள்ளிக்கூடப் பெண்; என்னோடு ஒரே வருடத்தில், பதினொராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை (ஓ.எல்.) எழுத இருந்தவள். அவளுடைய குடும்பம் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரில் இருந்து வெளியேற்றப்பட்டு வந்து கனமூலையில் குடியேறியது. அவளும் வேறு சில பிள்ளைகளும் சனிக்கிழமைகளில் கணிதம் படிக்க வருவார்கள். மௌனத்தில் என்ன செய்கிறோம் என்று பார்க்க அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாள். முடிவில் அன்ரன் மாமா கையை நீட்டினார். வெளி ஆண்களுக்குக் கைகொடுப்பது அவர்கள் வழக்கமில்லை; அவள் தன் இரண்டு கைகளையும் முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். அன்ரன் மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. மெர்சி அக்கா எதிர்ப்பக்கத்தில் இருந்து தன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துத் தலையை அசைத்துக் காட்டினார். அன்ரன் மாமாவும் தன் கையை நெஞ்சில் வைத்தார். சனூஃபா சிரித்துக்கொண்டு அப்படியே செய்தாள். அன்றிலிருந்து, கைகொடுக்க முடியாதவர்களுக்கு நெஞ்சில் கைவைப்பது எங்கள் வழக்கமானது.

படிக்கிற அறையில் மெர்சி அக்கா எங்களுக்கு ஆசிரியர் அல்ல. எங்களோடு இருந்து படித்தார். சாதாரண தரத்தில் அவருக்கு எல்லாப் பாடமும் சித்தி, கணிதம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பெயில். நாற்பது வயதில் மறுபடியும் எங்களோடு எழுதப் போகிறேன் என்று சொன்னார். சனூஃபாதான் அவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். 'எக்ஸ்' என்றால் என்ன என்று விளக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"தெரியாத ஒண்டுக்கு என்னத்துக்குப் பேர் வைக்கிறீங்க?"

"பேர் வெச்சாத்தான் தேடலாம், அக்கா."

மெர்சி அக்கா பேனாவை வைத்துவிட்டார். "அடியே, நான் ஞாயிற்றுக்கிழமை செய்யிறதும் அதுதானே!" என்றார். அன்று பின்னேரம் முழுக்க அந்தச் சந்தோசத்திலேயே இருந்தார். கணக்கு மட்டும் சரிவரவில்லை.

பிறகு அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது. முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் கிறிஸ்தவக் கோயில்களில் குண்டு வெடிக்கவைத்த நாள். அன்ரன் மாமாவின் தங்கையின் மகள் கொழும்புப் பக்கத்துக் கோயிலொன்றுக்குப் பூசைக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அவளுக்கும் எங்கள் வயதுதான். அவளும் அந்த வருடம் ஓ.எல். எழுத இருந்தவள்.

அதற்குப் பிறகு கனமூலையில் இருந்து பிள்ளைகள் வரவில்லை. வீதிகளில் சோதனை. எல்லோருக்கும் பயம். எங்கள் தெருவில் ஒரு முஸ்லிம் ஆளின் கடைக்கு யாரும் போகாமல் விட்டார்கள். அந்த மாதங்களில் நான் நிறைய அழுதேன், நிறையக் கோபப்பட்டேன். ஒருநாள் மெர்சி அக்காவிடம், "ஒவ்வொரு ஆளுக்குள்ளயும் கடவுளிட வெளிச்சம் இருக்கெண்டு சொல்றீங்களே, அண்டைக்கு அந்த ஆக்களுக்குள்ள எங்க இருந்தது?" என்று கேட்டேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "தெரியாது பிள்ளை" என்றார். "தெரியாத இடத்தில ஓடிப்போகாம இருக்கத்தான் நான் அந்தக் கதிரையில இருக்கிறன்."

மாதக் கூட்டத்தில் அவர்தான் எழுத்தர். சபையின் முடிவுகளை எழுதுபவர் என்று அர்த்தம். எங்கள் கூட்டத்தில் வாக்கெடுப்பு இல்லை. மௌனத்தில் இருந்து கதைத்து, எல்லோர் மனமும் ஒரு பக்கம் வந்தால் எழுத்தர் அங்கேயே அதை எழுதி வாசிப்பார். ஒருவருக்கு மனம் வராவிட்டாலும் எழுதமாட்டார். அந்த மாதம் மெர்சி அக்கா கேட்டார், "நாங்கள் கனமூலைக்குப் போய்ப் பிள்ளையளைத் திரும்ப வரச்சொல்லிக் கேப்பமா?"

செலின் மாமி உட்பட எல்லோரும் ஓம் என்றோம். அன்ரன் மாமா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு அந்தப் பிள்ளையளில கோவம் இல்ல. ஆனா அந்த மேசையில அதுகள் இருந்து படிக்கிறதை என்னால பாக்கேலாது. என்ர மருமகளும் அப்பிடி இருந்து படிக்க வேண்டியவள்."

மெர்சி அக்கா பேனாவை மூடினார். "மனம் ஒண்டாகேல்ல. எழுதேலாது. அடுத்த மாசம் கேப்பம்" என்றார்.

வெளியே வந்ததும் நான் பொங்கிவிட்டேன். "அவர் ஒராள் அக்கா. நாங்கள் இத்தின பேர். எழுதியிருக்கலாம்."

"எண்ணிப் பாத்தா அது தேர்தல். தேர்தல்ல தோத்தவன் வீட்ட போயிருவான். அன்ரன் அண்ணன் எங்களை விட்டிட்டு வீட்ட போகக்கூடாது."

"அப்ப சனூஃபா?"

"அவளும் வெளிய நிக்கக்கூடாது." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுததை நான் முதல்தடவையாக அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் அவர் தனியாகக் கனமூலைக்குப் போனார். அலுமாரியில் இருந்து புத்தகங்களை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், சனூஃபா வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, அவர்களோடு இருந்து படித்துவிட்டு வருவார். சபையின் பெயரால் போகவில்லை. தன் பெயரால் போனார். மாதா மாதம் கூட்டத்தில் அதே கேள்வியைக் கேட்பார். அன்ரன் மாமா மாதா மாதம் தலையைக் குனிவார். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் யாருக்கும் நெஞ்சில் கைவைத்து நான் காணவில்லை.

மெர்சி அக்காவின் பொறுமையைப் பெரிதாக எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அவர் பொறுமைசாலி அல்ல. ஒரு கூட்டத்தில் பொறுமையிழந்து, "இன்னும் எத்தின மாசம் அண்ணன் அந்தக் கதவைப் பூட்டி வைக்கப் போறீங்க?" என்று கத்திவிட்டார். அன்ரன் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த ஞாயிறு மௌனம் தொடங்குவதற்கு முன் மெர்சி அக்கா எல்லோர் முன்னாலும் அவரிடம், "நான் கத்தினது பிழை. கேட்டது பிழையில்ல" என்றார். அன்ரன் மாமா, "ஓம்" என்றார். எதற்கு ஓம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மார்கழியில் நாங்கள் மூவரும் பரீட்சை எழுதினோம். மண்டபத்தில் சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவில் மெர்சி அக்கா சேலையோடு உட்கார்ந்திருந்தார். மேற்பார்வையாளர் அவரை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்று வணங்கினார். கணிதம் முடிந்து வெளியே வந்ததும், "எக்ஸைக் கண்டுபிடிச்சிட்டன்டி!" என்று சனூஃபாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். எத்தனையென்று வந்தது என்று அவள் கேட்டாள். அவர் சொன்ன விடை பிழை. சனூஃபா அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெறுபேறு இன்னும் வரவில்லை.

அடக்கம் கற்பிட்டியில் அவருடைய அம்மாவின் விருப்பப்படி பூசையோடு நடந்தது. முந்தல் ஓட்டோக்கள் எல்லாம் வரிசையாக, வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, ஹோர்ன் அடிக்காமல் போயின. சுனில் அண்ணன் குழியடியில் நின்று, "இப்ப யாரக்கே எனக்கு ஏசப் போறது?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு ஓட்டோவுக்குப் பின்னால் போய் நின்றார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் எங்கள் அறையில் நினைவு மௌனம் வைத்தோம். கனமூலையில் இருந்து சனூஃபாவும் அவளுடைய உம்மாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். அவர்கள் வாசலில் தயங்கி நின்றபோது செலின் மாமி உள்ளே கூட்டிவந்து கதிரை கொடுத்தார். மெர்சி அக்காவின் கதிரையை யாரும் எடுக்கவில்லை. வட்டத்தில் அது வெறுமையாக இருந்தது. அதற்கு ஒரு பக்கத்தில் நான், என் மறுபக்கத்தில் சனூஃபாவும் அவளுடைய உம்மாவும். எதிரே அன்ரன் மாமா.

நீண்ட நேரத்துக்குப் பிறகு அன்ரன் மாமா எழுந்தார். மௌனத்தில் அவர் எழுந்து பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சனிக்கிழமையில கனமூலைக்குப் போக முந்தி மெர்சி எங்கட படலையில ஓட்டோவை நிப்பாட்டுவா. 'அன்ரன் அண்ணன், நான் போறன்' எண்டு சொல்லுவா. எனக்கு மறைச்சு ஒண்டும் செய்யக்கூடாதெண்டு. ஒரு சனிக்கிழமையும் விட்டதில்ல. நான் ஒரு நாளாவது 'போயிட்டு வா' எண்டு சொன்னதில்ல. கடைசிச் சனிக்கிழமை காய்ச்சலோட வந்தவ. முகம் சிவந்து கிடந்தது. நான் வலையைத் தட்டிக்கொண்டு திரும்பி நிண்டன்."

அவர் உட்காரவில்லை. விழுந்தது போலக் கதிரையில் இருந்தார். செலின் மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

சொன்னதற்குப் பதில் சொல்லக்கூடாது என்பது சனூஃபாவின் உம்மாவுக்குத் தெரியாது. அவர் இருந்தபடியே, மெதுவாக, அன்ரன் மாமாவைப் பார்த்துச் சொன்னார்:

"அவ எங்கட ஊட்டுக்கு வந்து இறங்கினா மொதல்ல சொல்றதே 'அன்ரன் அண்ணனுக்குச் சொல்லிட்டுத்தான் வாறன்' எண்டுதான். நீங்க பேசல்ல எண்டு ஒரு நாளும் சொன்னதில்ல. உங்கட மருமகள்ர பேரச் சொல்லி எங்களையும் துஆ கேக்கச் சொன்னா. நாங்க கேட்டம். இண்டைக்கும் கேக்கிறம்."

யாரும் அவரைத் தடுக்கவில்லை. மௌனம் அதையும் உள்ளே எடுத்துக்கொண்டது.

பிறகு மௌனம் நீண்டுகொண்டே போனது. ஒரு மணித்தியாலம் எப்போதோ முடிந்திருந்தது. டயர்க் கடையும் மூடிவிட்டார்கள். வெளியே இருட்டத் தொடங்கியது. யாரும் யாருக்கும் கைகொடுக்கவில்லை. முதலில் நான் காரணம் புரியாமல் இருந்தேன். பிறகு புரிந்தது. எல்லோரும் மெர்சி அக்காவின் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருடத்தில் வேறு யாரும் முடித்துவைத்ததில்லை. என் வலது கை மடியில் விரிந்தபடி, வெறும் கதிரையின் பக்கமாக இருப்பதைக் கண்டேன். அது அங்கே போனது எனக்குத் தெரியாது. அப்போதுதான் எனக்கு அவர் இறந்துபோனார். அன்ரன் மாமா வாசலில் நின்று சொன்னபோதும் இல்லை, குழியடியிலும் இல்லை.

தூரத்தில் பள்ளிவாசலில் இருந்து மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. உம்மா ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். எழுந்தால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று நினைத்திருக்கவேண்டும். அசையாமல் இருந்தார். சனூஃபா அவருடைய முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அன்ரன் மாமாவும் பார்த்தார்.

அவர் எழுந்து வட்டத்தின் நடுவால் நடந்து உம்மாவின் முன்னால் போய் நின்றார். தன் வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். உம்மா எழுந்தார். அவரும் தன் கையை நெஞ்சில் வைத்தார். சனூஃபா திரும்பி என் கையைப் பிடித்தாள். நான் வெறும் கதிரையைத் தாண்டி எட்டி அடுத்தவருக்குக் கொடுத்தேன். கை வட்டம் சுற்றி வந்தது. மௌனம் முடிந்தது.

"நேரம் போயிரும்" என்றார் அன்ரன் மாமா உம்மாவிடம். "இஞ்சயே தொழலாம். அங்கால அறை சும்மாதான் கிடக்கு." அவரே போய்ப் படிக்கிற அறையின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். நீள மேசையை ஒரு பக்கம் தள்ளினார். செலின் மாமி உம்மாவுக்குக் கைகால் கழுவப் பின்பக்கத்துக் குழாயைக் காட்டினார். அவர்கள் தொழுது முடியும்வரை நாங்கள் முன் அறையில் தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு சத்தம் போடாமல் இருந்தோம். சுவருக்கு அப்பாலும் ஒரு மௌனம் இருந்தது. இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உம்மா திரும்பி வந்ததும் அன்ரன் மாமா என்னிடம், "எழுத்தர் இல்ல. ஆனா எழுத வேணும். பேனா வைச்சிருக்கிறியா?" என்று கேட்டார். நான் எழுதினேன்: 'சனிக்கிழமை படிக்கிற அறை திறந்திருக்கும். கனமூலைப் பிள்ளைகளைத் திரும்ப வரும்படி கேட்கிறோம்.' வாசித்தேன். பாதியில் தாளைப் பக்கத்தில் நீட்டினேன். சனூஃபா மிச்சத்தை வாசித்தாள். ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். அன்ரன் மாமா, "சரி" என்றார். உம்மாவும், "சரி" என்றார். அவர் எங்கள் சபைக்காரர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

மெர்சி அக்கா கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு விடை வந்தது. கேட்க அவர் இல்லை. இதை எழுதும்போதும் இந்த இடத்தில் என்னால் ஆறுதல் அடைய முடியவில்லை. ஆறுதல் அடைந்தேன் என்று எழுதினால் அது பொய்.

அவருடைய கொம்பாஸ் பெட்டியை அவருடைய அம்மா எனக்குத் தந்தார். முள் கழன்ற கவராயம், பாதி தேய்ந்த அழிறப்பர், மூடியின் உட்பக்கத்தில் அவருடைய பரீட்சைச் சுட்டெண். பெறுபேறு வரும் நாளில் என்னுடையதைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்ப்பேன். ஆனால் நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது அந்தப் பெட்டி அல்ல. மனம் வராத ஒருவரையும் வெளியே நிற்கும் ஒருவரையும் ஒரே நேரத்தில் விடாமல் பிடித்திருந்த பிடி. அவருக்கு அதில் கை நொந்தது. அதை நான் கண்டேன். நொந்தாலும் விடக்கூடாது என்பதை வைத்துக்கொள்கிறேன். என் கை இன்னும் மெல்லியது.

அன்று பகல் முழுக்கப் பெய்த மழை நாங்கள் புறப்பட்டபோது விட்டிருந்தது. சுனில் அண்ணன் கனமூலைக்காரரைக் கொண்டுபோய் விட ஓட்டோவோடு வெளியே காத்திருந்தார். வழக்கமாகக் கடைசியாக வெளியே வருவது மெர்சி அக்காதான். அன்று அன்ரன் மாமா கதவடியில் நின்று எல்லோரும் வந்துவிட்டோமா என்று பார்த்தார். சனூஃபா ஓட்டோவில் ஏறினாள்.

"சனிக்கிழமை வருவீங்கதானே மகள்?"

"வாறன் மாமா."

"போயிட்டு வாங்கோ" என்றார் அவர்.

பிறகு உள்ளே கையை நீட்டி, முதலில் படிக்கிற அறையிலும் அதன்பின் முன் அறையிலும் விளக்கை அணைத்தார்.